பாட்டு ஊருக்கு, கணக்கு யார் கையில்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஒரு குழு ஊக்குநர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெண்களும் கலையும்’. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கலையைப் பத்திப் பெரிய வார்த்தையெல்லாம் பேச எனக்கு வராது. ஆனா எங்க குழுவுல பல வருஷமா கணக்கு எழுதுறேன். அதனால, காட்டுலயும் கோயில்லயும் பாடிட்டு இருந்து நாடறிய பேர் வாங்கின சில பெண்களோட வாழ்க்கையை, நம்ம நோட்டுல எழுதுற மாதிரியே வரவு என்ன, கையிருப்பு என்னன்னு பார்த்துச் சொல்லலாம்னு வந்திருக்கேன்.

முதல்ல நம்மளைப் பத்திச் சொல்லிடறேன். இங்க உக்காந்திருக்கிற அம்பது வயசு தாண்டின அம்மாமாருக்கெல்லாம் பாட்டு தெரியும். நடவு நடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடினா, இருபது பேர் கையும் ஒண்ணா குனிஞ்சு ஒண்ணா நகரும். இடுப்பு வலி தெரியாது, வரிசையும் கோணாது. தொட்டிலுக்குத் தாலாட்டு, சாமிக்குக் கும்மி, இழவு வீட்டுக்கு ஒப்பாரின்னு பிறந்ததுல இருந்து சாகற வரைக்கும் பாட்டு இருந்துச்சு. இதை யாரும் கலைன்னு சொல்லலை. கூலி கொடுத்தவங்க நடவுக்குத்தான் கூலி கொடுத்தாங்க, பாட்டுக்குக் கொடுக்கலை.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம பாட்டு மைக் இல்லாம பாடின பாட்டு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிக்கறவளுக்கும் கேக்கணும்னா தொண்டையைத் திறந்து அடிவயித்துல இருந்து பாடணும். அந்தக் குரலுக்கு முன்னாடி மைக்கை வச்சப்போதான், அதோட பலம் என்னன்னு பட்டணத்துக்காரங்களுக்கும் தெரிஞ்சது.

அப்படித் தெரிய வச்சவங்கள்ல மூணு பேரைச் சொல்றேன். மூணு பேரும் நம்ம தென்பக்கத்துக்காரங்க.

முதலாவது கொல்லங்குடி கருப்பாயி அம்மா. சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடிக்காரங்க. பள்ளிக்கூடம் போனதில்லை. பாட்டு அவங்களே கட்டுவாங்க. எழுதத் தெரியாததால எல்லாம் மனசுலயே இருக்கும். வானொலியில பாடி ஊருக்கெல்லாம் தெரிஞ்சாங்க. அப்புறம் 1985-ல் பாண்டியராஜன் எடுத்த ‘ஆண்பாவம்’ படத்துல பாட்டியா நடிச்சுப் பாடினாங்க. அந்தப் படத்துக்கு இசை இளையராஜா. படத்தைப் பார்த்தவங்களுக்கு அது நடிப்பா, நிஜமான பாட்டியான்னே தெரியாது. 1993-ல் அரசாங்கம் கலைமாமணி விருது கொடுத்தது. 2025 ஜூன் மாசம், 99 வயசுல காலமானாங்க. நூறு வயசை நெருங்கின ஒரு அம்மாவோட மனசுல எத்தனை பாட்டு இருந்திருக்கும், அதுல எத்தனையை நாம கேட்டிருப்போம்னு யோசிச்சுப் பாருங்க.

இரண்டாவது, உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பரவை முனியம்மா. மதுரைக்குப் பக்கத்துல பரவை. பல வருஷம் திருவிழா மேடைகள்ல தெம்மாங்கும் சாமி பாட்டும் பாடினவங்க. 2003 பொங்கலுக்கு விக்ரம் நடிச்ச ‘தூள்’ படம் வந்துச்சு. இயக்குநர் தரணி, இசை வித்யாசாகர். அதுல மதுரைவீரன் பேரைச் சொல்லி முனியம்மா பாடின பாட்டு அந்த வருஷம் ஒலிக்காத திருவிழா இல்லை. அறுபது வயசுக்கு மேல, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஒரு கிராமத்து அம்மா பாட, பக்கத்துல பெரிய ஹீரோ சண்டை போடுவார். ஆனா நாம பார்த்தது அந்த அம்மாவைத்தான். அதுக்கப்புறம் நிறைய படம். டி.வி.யில சமையல் நிகழ்ச்சியும் பண்ணினாங்க. அம்மியில அரைச்சுக்கிட்டே பாடினா நாமளும் அடுப்பை அணைச்சுட்டு வந்து பார்ப்போம்.

இது வரவுப் பக்கம். கையிருப்புப் பக்கத்தையும் சொல்லணும். வயசாகி உடம்புக்கு முடியாம போனப்போ, மருத்துவச் செலவுக்கே கஷ்டப்படுறாங்கன்னு பத்திரிகையில செய்தி வந்துச்சு. 2015-ல் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அவங்க பேர்ல 6 லட்சம் ரூபாயை வைப்புத் தொகையா போட்டு, மாசாமாசம் வட்டி கிடைக்க ஏற்பாடு பண்ணினாங்க. நடிகர்கள் சிலரும் உதவினாங்க. கலைமாமணி விருதும் வந்துச்சு. 2020 மார்ச் 29-ம் தேதி, கொரோனா ஊரடங்கு போட்ட அதே வாரத்துல இறந்துட்டாங்க. எத்தனையோ ஆயிரம் பேரைத் தன் பாட்டால கூட்டின அம்மாவோட சாவுக்குக் கூட்டம் சேர முடியாத காலம் அது.

அந்த வைப்புத் தொகையைத்தான் நான் உங்களைக் கவனிக்கச் சொல்றேன். உதவி செஞ்சவங்களுக்கு நன்றி சொல்லணும், அதுல மாத்துக் கருத்தில்லை. ஆனா நாற்பது அம்பது வருஷம் பாடின ஒரு பெண்ணுக்கு, கடைசிக் காலத்துல மாசச் செலவுக்கு வழி உதவியா வந்துச்சே தவிர, பாடின பாட்டுல இருந்து வரலை. அந்தப் பாட்டு இன்னைக்கும் ஓடுது. பஸ்ல ஓடுது, கல்யாண மண்டபத்துல ஓடுது, நம்ம கையில இருக்கிற செல்போன்லயும் ஓடுது.

மூணாவது சின்னப்பொண்ணு. இவங்களும் சிவகங்கை மாவட்டம்தான், இளையான்குடி பக்கம் சூராணம். சின்ன வயசுல கோயில் திருவிழாவுலயும் சர்ச் கூட்டத்துலயும் பாடினவங்க. அந்தப் பக்கத்துலயே பிறந்து, நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ச்சி பண்ணி, தானே மேடையேறிப் பாடவும் செஞ்ச பேராசிரியர் கே.ஏ.குணசேகரன், இவங்க குரலைக் கேட்டு மேடைக்குக் கொண்டு வந்தார். ஒருத்தருக்குத் திறமை இருந்தா மட்டும் பத்தாது, அதைப் பார்த்துக் கைதூக்கி விட ஒரு ஆள் வேணும்கறதுக்கு இது ஒரு உதாரணம்.

2005-ல் வந்த ‘சந்திரமுகி’ படத்துல சின்னப்பொண்ணு பாடினாங்க. 2008-ல் ‘காதலில் விழுந்தேன்’ படத்துல விஜய் ஆண்டனி இசையில ‘நாக்க முக்க’ வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தமிழ் தெரியாத ஊர்லகூட அந்தப் பாட்டுக்கு ஆடினாங்க. டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகை விளம்பரத்துக்கே அந்தப் பாட்டைப் போட்டாங்க. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுக்கு ஏ.ஆர்.ரகுமான் போட்ட பாட்டுல, டி.எம்.எஸ்., பி.சுசீலா மாதிரி பெரியவங்களோட சின்னப்பொண்ணு குரலும் சேர்ந்துச்சு. 2011-ல் எம்.டி.வி.யோட கோக் ஸ்டுடியோவுல கைலாஷ் கேரோட பாடினாங்க. கிடார், டிரம்ஸுக்கு நடுவுல அதே சூராணத்துக் குரல், ஒரு பிசிறு மாறலை. 2021-ல் பிக் பாஸ் வீட்டுக்கும் போய் வந்தாங்க.

மூணு தலைமுறையைப் பாருங்க. கருப்பாயி அம்மாவுக்கு வானொலி. முனியம்மாவுக்கு சினிமாவும் டி.வி.யும். சின்னப்பொண்ணுக்கு உலகம் பூரா போற சி.டி.யும் இன்டர்நெட்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் குரல் போற தூரம் கூடிக்கிட்டே போச்சு. காசும் அதே தூரம் திரும்பி வந்துச்சான்னுதான் கேக்கணும்.

இதுல காசு எப்படி ஓடுதுன்னு நான் தெரிஞ்சுக்கிட்ட அளவுக்குச் சொல்றேன். சினிமாவுல பாடினா பாடின அன்னைக்கு ஒரு சம்பளம். அதோட முடிஞ்சது. பாட்டோட பதிவு கம்பெனிக்குச் சொந்தம். அப்புறம் அந்தப் பாட்டு லட்சம் தடவை ஓடினாலும், பாடினவங்களுக்கு ரொம்ப காலம் தனிப் பங்கு இல்லாம இருந்துச்சு. 2012-ல்தான் மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினா பாடினவங்களுக்கும் ராயல்டியில பங்கு உண்டுன்னு சொன்னது. அதை வசூல் பண்ண அடுத்த வருஷமே பாடகர்களுக்குன்னு ஒரு சங்கமும் பதிவாச்சு. ஆனா அதுல உறுப்பினரா சேரணும், எந்தெந்தப் பாட்டுப் பாடினோம்னு கணக்கு வேணும், ஒப்பந்தத்தாள் வேணும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்து அம்மாவுக்கு இதை யார் சொல்லித் தருவாங்க?

அதனால நாட்டுப்புறப் பாடகருக்குச் சோறு போடுறது மேடைதான். மேடை வருஷம் பூரா கிடைக்காது. மாசி, பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் திருவிழாக் காலம். அந்தச் சில மாச வருமானத்துல மிச்ச மாசத்தையும் ஓட்டணும். வந்த காசுல வேன் வாடகை, தவில், நாதஸ்வரம், பறை வாசிக்கிறவங்க பங்கு, கச்சேரி பிடிச்சுக் கொடுத்தவருக்கு ஒரு பங்குன்னு எல்லாம் போய்த்தான் பாடினவங்க கைக்கு வரும். 2020-லும் 2021-லும் திருவிழாவே இல்லாம போனப்போ மேடையை மட்டும் நம்பின குடும்பங்கள் பட்ட பாட்டை நாம டி.வி.யில பார்த்தோம்.

சரி, வெள்ளைக்காரங்க நாட்டுல மட்டும் கிராமத்துப் பாடகி நல்லா இருக்காளான்னு ஒரு கேள்வி வரும். அங்கேயும் ஏமாந்தவங்கதான் அதிகம். ஆனா ஏமாறாத ஒருத்தங்க கதை இருக்கு. என் பொண்ணு செல்போன்ல படிச்சுச் சொன்னா. கேட்டதுல இருந்து எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

பேரு டாலி பார்ட்டன். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்து மலைக்கிராமத்துல 1946-ல் பிறந்தவங்க. வீட்டுல மொத்தம் 12 பிள்ளைங்க. அவங்க பிறந்தப்போ பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாம, அப்பா ஒரு பை மக்காச்சோள மாவைக் கொடுத்தாராம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பொண்ணு தானே பாட்டுக் கட்டிப் பாடினா. நம்ம ஊர்ல தெம்மாங்கு மாதிரி அங்க ‘கன்ட்ரி’ன்னு ஒரு கிராமத்துப் பாட்டு வகை இருக்கு, அதுல பேர் வாங்கினா.

1973-ல் ஒரு பிரிவுப் பாட்டு எழுதினாங்க. அடுத்த வருஷம் அது வெளிவந்து நல்லா ஓடுச்சு. அப்போ அமெரிக்காவுல ரொம்பப் பெரிய பாடகர் எல்விஸ் பிரஸ்லி, நம்ம ரஜினி மாதிரி வச்சுக்கங்க. அவர் அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். இந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனா அவரோட மேனேஜர், பாட்டோட உரிமையில பாதியை எழுதிக் கொடுத்தாத்தான் அவர் பாடுவார்னு சொன்னார். எவ்வளவு பெரிய வாய்ப்பு! டாலி பார்ட்டன் முடியாதுன்னுட்டாங்க. ராத்திரி பூரா அழுதாங்களாம், ஆனா கையெழுத்துப் போடலை.

அதுக்கப்புறம் எல்லா ஜனங்களும் கேக்கற பாப் பாட்டுப் பக்கமும் போய்ப் பெரிய நட்சத்திரம் ஆனாங்க. 1980-ல் ஆபீஸ்ல வேலை பார்க்கிற மூணு பெண்கள் முதலாளியை எதிர்க்கிற ஒரு படத்துல நடிச்சு, அதுக்குப் பாட்டும் எழுதினாங்க. 1992-ல் விட்னி ஹியூஸ்டன்ங்கிற பாடகி அந்தப் பழைய பிரிவுப் பாட்டை ஒரு படத்துக்காகப் பாடினப்போ உலகமே கேட்டுச்சு. பாடினது வேற ஆள், ஆனா எழுதினவங்க உரிமை பத்திரமா இருந்ததால ராயல்டி டாலி பார்ட்டன் வீட்டுக்கு வந்துச்சு. கோடிக்கணக்குல வந்துச்சு. அந்த அம்மா 1995-ல் இருந்து சின்னப் பிள்ளைங்களுக்கு வீட்டுக்கே இலவசமா புத்தகம் அனுப்பறாங்க. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவை நினைச்சு ஆரம்பிச்ச வேலை அது.

பரவை முனியம்மாவுக்கும் டாலி பார்ட்டனுக்கும் திறமையில வித்தியாசம் இருக்குன்னு நான் நினைக்கலை. ரெண்டு பேரும் ஏழை வீட்டுப் பெண்கள், ரெண்டு பேர் குரலுக்கும் ஊரே மயங்குச்சு. ஒரு தாள்லதான் வித்தியாசம். உரிமை யாருக்குன்னு எழுதி வச்ச தாள் ஒருத்தங்க கையில இருந்துச்சு, இன்னொருத்தங்ககிட்ட அப்படி ஒரு தாள் இருக்குன்னே யாரும் சொல்லலை.

இதெல்லாம் சினிமாவுக்குப் போறவங்க கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. நம்ம கூட்டமைப்புலயே கும்மிக் குழு இருக்கு. போன வருஷம் ஒரு விசேஷத்துக்குக் கூப்பிட்டாங்க, பதினாறு பேர் போனாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பது மணி வரைக்கும் ஆடிப் பாடினாங்க. ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, செண்டை மேளத்துக்குக் காசு. நம்ம பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டும் டிபனும். மறுநாள் அத்தனை பேருக்கும் கால் வீங்கிப் போய், காட்டு வேலைக்கும் போக முடியலை. ஒரு நாள் கூலியும் போச்சு. அங்க வந்த ஒருத்தர் செல்போன்ல எடுத்து யூடியூப்ல போட்டார். பாட்டை எடுத்துக் கொடுத்தது எங்க குழுப் பெரியம்மா. அவங்க சொந்தமா கட்டின வரிகள் அது. வீடியோவுல அவங்க பேர் எங்கேயும் இல்லை.

இதைக் குழுக் கூட்டத்துல பேசினப்போ ரெண்டு விதமான கருத்து வந்துச்சு. ‘பாட்டுக்குப் போயி காசு கேக்கறதா? அது நம்ம சந்தோஷத்துக்குப் பாடறது’ன்னு சில அக்காமார் சொன்னாங்க. அது நியாயம்தான். நம்ம மாரியம்மன் கோயில்ல கும்மி அடிக்க யாரும் காசு கேக்க வேண்டாம், அது நேர்த்திக்கடன். பக்கத்து வீட்டு இழவுல ஒப்பாரி வைக்கக் காசு கேக்க வேண்டாம், அது மனுசத்தன்மை. ஆனா மேளத்துக்கும் மைக்குக்கும் காசு கொடுத்து நடத்துற விழாவுல, பெண்கள் பாட்டு மட்டும் ஏன் ஓசி? வெல்ல மண்டியில சிப்பத்தை எடை போடாம யாராவது தூக்கிக் கொடுப்போமா? மூணு மணி நேரம் ஆடிப் பாடறது உழைப்பு இல்லையா?

அதனால நம்ம கூட்டமைப்புக்கு நான் சில கோரிக்கை வைக்கிறேன். பொறுப்பாளர்கள் அடுத்த மாசக் கூட்டத்துல பேசி, தீர்மான நோட்டுல ஏத்தணும்னு கேட்டுக்கறேன்.

ஒண்ணு, கும்மிக் குழுவை வெளி விழாவுக்குக் கூப்பிட்டா ஆளுக்கு இவ்வளவு, வண்டிச் செலவு தனின்னு முன்கூட்டியே பேசி ஒரு தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும். முன்பணம் வாங்கணும். காசு அவங்கவங்க சொந்தச் சேமிப்புக் கணக்குக்குப் போகணும். வீட்டுக்காரர் கணக்குக்கோ குழுத் தலைவி கைக்கோ வேண்டாம்.

ரெண்டு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்னு தமிழ்நாடு அரசு 2007-ல் இருந்து நடத்துது. அதுல பதிவு பண்ணினவங்களுக்குப் பிள்ளைங்க படிப்பு, கல்யாணம், விபத்து, இறப்புன்னு உதவித்தொகை உண்டு. கலை பண்பாட்டுத் துறையோட மண்டல மையம் மதுரையில இருக்கு. நம்ம கும்மிக் குழுப் பெண்கள்ல தகுதி உள்ளவங்களுக்கு விண்ணப்பம் போட, ஆதார், போட்டோ, நிகழ்ச்சி நடத்தின ஆதாரம் எல்லாத்தையும் கூட்டமைப்பே சேர்த்துக் கொடுக்கணும். அதுக்குத்தான் சொல்றேன், எங்க ஆடப் போனாலும் அழைப்பிதழையும் போட்டோவையும் பத்திரமா வைங்க. நாளைக்கு அதுதான் சாட்சி.

மூணு, ஒவ்வொரு குழுவும் ஒரு நூறு பக்க நோட்டுப் போடணும். வயசானவங்க பாட்டை, படிச்ச பொண்ணுங்க உக்காந்து கேட்டு எழுதணும். யார் பாடினது, யார்கிட்ட கத்துக்கிட்டது, எந்த வேலைக்குப் பாடினது, தேதி எல்லாம் போடணும். பழைய பாட்டு எல்லாருக்கும் பொது, அதுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா ஒருத்தங்க தானே கட்டின பாட்டுன்னா, வரிக்கு அவங்கதான் சொந்தக்காரங்க. பாடின குரலுக்கும் உரிமை உண்டு. யாராவது ரெக்கார்டு பண்ண வந்தா, எதுக்கு எடுக்கறீங்க, பேர் போடுவீங்களா, காசு வந்தா எப்படின்னு மூணு கேள்வி கேக்கணும். கேக்கறது மரியாதைக் குறைவு இல்லீங்க.

இங்க இருக்கிற நம்ம பொண்ணுங்கள்ல ஒருத்தி நாளைக்கு டி.வி. பாட்டுப் போட்டிக்குப் போகலாம். அடுத்த சின்னப்பொண்ணு நெய்க்காரப்பட்டியில இருந்தே வரலாம். அவளுக்குக் குரல் கொடுக்கறது அவங்க பாட்டி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தாளைப் படிச்சுப் பாருன்னு சொல்லித் தர்றது நம்ம வேலை. கடன் பத்திரத்துல எழுதியிருக்கறதை வாசிக்கச் சொல்லி, புரிஞ்ச பிறகு கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க நாம. அதே பழக்கத்தைப் பாட்டுக்கும் கொண்டு வரணும், அவ்வளவுதான்.

கருப்பாயி அம்மாவையும் முனியம்மாவையும் நினைச்சு, சின்னப்பொண்ணு இன்னும் பல வருஷம் நல்லா பாடணும்னு வாழ்த்தி, எங்க குழுப் பெரியம்மா பேரை இந்த மலர்ல கும்மிக் குழுப் பட்டியலோட முதல் வரியில போடணும்னு கேட்டு முடிச்சுக்கறேன்.